படகு ரூமுக்குக் கடல் வரும் நேரம்

மூங்கிற்பள்ளம் என்கிற மலையூரில், கடற்கரையிலிருந்து விடியக்காலம் பஸ் ஏறினாலும் பொழுது சாய்கிற நேரத்துக்குத்தான் போய்ச் சேர முடிகிற தூரத்தில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ஒரு ஓட்டல் இருந்தது. அந்த ஓட்டலில் படகு ரூம் என்று ஒரு ரூம் இருந்தது. அந்த ரூமுக்குள் தினமும் கடல் வந்து, கொஞ்ச நேரம் இருந்து, திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. அதைப் பற்றி அங்கே யாரும் பெரிதாகப் பேசிக்கொள்வதில்லை. பால்காரர் வருகிற மாதிரி வந்தது, போகிற மாதிரி போயிற்று.

ஓட்டலுக்குப் பெயர் பயணவீடு. கோயம்புத்தூரில் இருந்த அதன் முதலாளி, ஓடி ஓய்ந்த வண்டிகளை எங்கெங்கிருந்தோ வாங்கி, லாரியில் ஏற்றி, கொண்டை ஊசி வளைவுகளில் மரக்கிளைகளை வெட்டி வழி பண்ணிக் கொண்டுவந்து, மலைச்சரிவில் நிறுத்தி, உள்ளே கட்டில் போட்டு, ஜன்னலுக்குத் திரை மாட்டி வைத்திருந்தார். பஸ் ரூம் ஒன்று, ரயில் ரூம் ஒன்று, சிறகு வெட்டின விமானத்தில் ஒன்று, சர்க்கஸ் வண்டியில் ஒன்று. எங்கேயும் போகாத வண்டிகளில் படுத்துத் தூங்குவதற்கு ஜனங்கள் எவ்வளவோ தூரம் பயணம் பண்ணி வந்தார்கள். புதிதாகக் கல்யாணமான பிள்ளைகள் பஸ் ரூமின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ரயில் ரூமில் தங்கினவர்கள் மட்டும், காலையில் கண் விழித்து, ராத்திரி பார்த்த அதே மரம் ஜன்னலுக்கு வெளியே நிற்பதைக் கண்டு, ஏனென்று தெரியாமல் கொஞ்ச நேரம் முகம் வாடி உட்கார்ந்திருப்பார்கள் என்று, ரூம்களைப் பெருக்கித் துடைக்கிற மாரக்கா சொல்வாள்.

பிரகாசியம்மாள் தன் மருமகள் ஜெனோவாவோடு அங்கே வந்து இறங்கினபோது மலையில் மஞ்சு இறங்கியிருந்தது. அவள் கையில் செபமாலை இருந்தது, தோளில் பை இருந்தது, பையின் அடியில் பாலிதீன் கவரில் சுற்றின நீலக்கட்டம் போட்ட ஒரு சட்டை இருந்தது. அந்தச் சட்டைக்காகத்தான் இந்தப் பயணமே.

அது அவள் மகன் லிகோரியின் சட்டை. தென்கடல் ஓரத்துச் சம்மனசுபுரத்திலிருந்து ஒருநாள் தனியாக வலை இழுக்கப் போன லிகோரி திரும்பி வரவில்லை. அவன் படகு சகாயத்தாய் மட்டும் திரும்பி வந்தது. நடுக்கடலில் மிதந்துகொண்டிருந்ததைப் பக்கத்து ஊர்க்காரர்கள் கட்டி இழுத்து வந்தார்கள். வலை மடித்தபடி இருந்தது, சோற்றுச்சட்டி மூடினபடி இருந்தது, ஆள் இல்லை. ஆள் இல்லாமல் வந்த படகில் அந்தக் கரையில் யாரும் கால் வைக்க மாட்டார்கள். அதனால் அது மர வியாபாரி ஒருவரிடம் போய், கைமாறிக் கைமாறி, கடைசியில் எங்கே போயிற்று என்றே தெரியாமல் போயிற்று.

உடம்பு கிடைக்காதவர்களுக்கு அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. அவன் உடுத்தின சட்டை ஒன்றைப் பெட்டியில் வைத்து, கோயிலில் பூசை வைத்து, கல்லறைத் தோட்டத்தில் புதைப்பார்கள். சட்டையை எடுத்துக் கொடுக்க வேண்டியது பெற்றவள்தான். அவள் கொடுக்காமல் வேறு யாரும் தொடக் கூடாது. அது நடக்கிறவரைக்கும் அவன் பெண்டாட்டி தாலி கட்டினவளும் இல்லை, அறுத்தவளும் இல்லை. மூன்று கிறிஸ்துமஸ் போய்விட்டது. பெண்சாதியை இழந்த ஒரு வெல்டிங் பட்டறைக்காரர் ஜெனோவாவை மரியாதையாகக் கேட்டு ஆள் விட்டிருந்தார். ஜெனோவா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மாமியின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பங்குச் சாமியாரும் கேட்டுப் பார்த்துவிட்டார். "பாப்போம் சாமி" என்பதற்கு மேல் பிரகாசியம்மாள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. எப்படி வரும், பாவம்? சட்டையைக் கொடுத்துவிட்டால் பிள்ளை செத்துப்போவான். கொடுக்காதவரைக்கும் அவன் எங்கேயோ இருந்துகொண்டிருந்தான்.

இப்படி இருக்கும்போதுதான் திருப்பூரில் இருக்கிற மூத்த மகள் ஸ்டெல்லா, யாரோ ஒரு கல்யாண ஜோடி ஏதோ ஓட்டலில் எடுத்துப் போட்ட வீடியோவைப் போனில் பார்த்துவிட்டு அலறினாள். "எம்மா, இது நம்ம சகாயத்தாய் இல்லியா? பேரு அப்பிடியே இருக்கும்மா." பிறகு அவளே ரூம் போட்டு, டிக்கெட் போட்டு, "போயி ஒருக்கா பாத்துட்டு வாங்க. பாத்துட்டு வந்து சட்டையக் குடுத்துருங்க. அந்தப் பிள்ளை பாவம்மா" என்று சொல்லி அனுப்பினாள். படகிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று பிரகாசியம்மாள் மாதாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

ஓட்டல் மேனேஜர் பூபதி, கழுத்தில் மப்ளர் சுற்றின ஒடிசலான மனுசர், வாசலுக்கே வந்து பையை வாங்கிக்கொண்டார்.

"வாங்கம்மா, படகு ரூம்தான? செருப்பக் கழட்டிக் கையில வச்சுக்கங்க. கடல் இப்பத்தான் வந்துட்டுப் போச்சு, தரை ஈரமா இருக்கும். கட்டிலுக்கு மேல ஏறாது, பயப்படாதீங்க."

பிரகாசியம்மாள் பயப்படவில்லை. பஸ் கடைசி வளைவு திரும்பும்போதே ஜன்னல் வழியாகக் கருவாட்டு வாடை வந்து அவள் முகத்தைத் தொட்டிருந்தது. ஜெனோவாதான் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு அழுதாள். நாற்றத்துக்காக மூடிக்கொண்டாள் என்று பக்கத்து சீட்டுக்காரர்கள் நினைத்தார்கள்.

சகாயத்தாய் சரிவின் விளிம்பில், பள்ளத்தாக்கைப் பார்த்து நின்றது. அதற்கு இளநீல வர்ணம் பூசி, மேலே கூரை போட்டு, பக்கவாட்டில் கதவு வைத்திருந்தார்கள். பிரகாசியம்மாள் சுற்றி வந்து அணியத்தில், அதாவது படகின் முன்மூக்கில், கையை வைத்தாள். லிகோரி ஆணி அடித்து வைத்த அந்தோணியார் பதக்கம் வர்ணத்துக்கு அடியில் புடைத்துக்கொண்டிருந்தது. வர்ணம் பூசினவன் அதைப் பிடுங்காமல் விட்டானே என்று அவனுக்காக ஒரு அருள்நிறைந்த மரியே செபம் சொன்னாள்.

அப்போதுதான் கயிற்றைப் பார்த்தாள். அணியத்திலிருந்து கயிறு விறைப்பாகக் கீழே போயிற்று. அதன் முனையில், டேலியாப் பூப்பாத்தியின் நடுவில், கொக்கிகள் மண்ணில் ஆழப் புதைந்து, வெள்ளிப் பெயிண்ட் அடித்து, சின்னச் சின்ன சீரியல் பல்பு சுற்றி, படகின் நங்கூரம் இறங்கிக் கிடந்தது.

"நல்லாருக்காம்மா?" என்றார் பூபதி. "என்னோட ஐடியாதான். மொதல்ல அது படகுக்குள்ள சுருட்டிக் கெடந்துச்சு. படகுன்னா நங்கூரம் போட்டாத்தான அழகுன்னு நான்தான் எறக்கச் சொன்னேன். ஜனங்க போட்டோ எடுக்குறது பூராவும் அதுகூடத்தான்."

பிரகாசியம்மாள் தலையை ஆட்டினாள். சம்மனசுபுரத்தில் படகைக் கரையேற்றிவிட்டால் நங்கூரத்தைத் தூக்கிப் படகுக்குள் வைத்துவிடுவார்கள். விளையாட்டுக்கு அதைக் கரைமணலில் இறக்குகிற பிள்ளைகளுக்கு முதுகில் நாலு விழும். ஏனென்றால், நங்கூரம் போட்ட படகு இன்னும் ஏறவேண்டிய ஆளுக்காகக் காத்துக்கிடக்கிறது என்று அர்த்தம். காத்துக்கிடக்கிற படகை, அது எங்கே கிடந்தாலும், கடல் தேடிக்கொண்டு வந்துவிடும். கடல் ஏன் இந்த மலைக்கு ஏறி வருகிறது என்பது அந்த நிமிசமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. படகு இன்னும் காத்திருக்கிறது என்றால், காத்திருக்க ஆள் இருக்கிறான் என்றுதானே அர்த்தம்?

மறுநாள் காலையில் அவள் கடலைப் பார்த்தாள். பலகை இடுக்குகளில் முதலில் வியர்த்த மாதிரி ஈரம் கண்டது. பிறகு சலசலவென்று சத்தம், பிறகு தரையெல்லாம் தண்ணீர், பிறகு முழங்காலுக்குப் பச்சைக் கடல். வெளியே பூப்பாத்தி முங்கி, டேலியாக்களின் தலை மட்டும் தெரிந்தது. கட்டிலில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டிருந்த பிரகாசியம்மாள், அது சொந்தக் கடல்தான் என்பதைக் கெண்டைக்காலாலேயே அறிந்துகொண்டாள். "லிகோரி" என்று மெதுவாகக் கூப்பிட்டாள். ஒரு சாளை மீன் துள்ளி அவள் மடியில் விழுந்தது. அவ்வளவுதான்.

மாரக்கா துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தண்ணீர் வடிவதற்காக வாசலில் நின்றிருந்தாள்.

"மொத நாளு நான் குழாய்தான் ஒடைஞ்சிருச்சுன்னு நெனச்சேம்மா" என்றாள். "பிளம்பரைக் கூட்டியாந்தா, அவன் நாக்குல வச்சுப் பாத்துட்டு, இது எங்க வேலை இல்ல, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு பையத் தூக்கிட்டுப் போயிட்டான். அப்பறம் நாங்களே பழகிக்கிட்டோம். என்னத்தச் செய்ய, வந்துட்டதை வெளியவா தள்ள முடியும்?"

அவர்கள் பழகிக்கொண்ட கதையை மாரக்கா துடைத்துக்கொண்டே சொன்னாள். கடல் தினமும் நேரம் மாற்றி மாற்றி வருகிறது என்று தெரிந்ததும், பூபதி வாசலில் ஒரு கரும்பலகை மாட்டி, இன்று படகு ரூமுக்குக் கடல் வரும் நேரம் என்று சாக்பீஸால் எழுத ஆரம்பித்தார். தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் அதைப் பார்த்துத்தான் வேலையை நிறுத்திவிட்டுக் கஞ்சிக்குக் கரையேறினார்கள். மீன் சமைக்கத் தெரியாத அந்த ஊர், முதலில் சாளையைப் புளி இல்லாமல் அவித்து வாந்தி எடுத்தது; பிறகு கற்றுக்கொண்டு, காப்பிக்கொட்டை காயப்போடுகிற களத்தின் ஒரு பாதியைக் கருவாட்டுக்கு ஒதுக்கியது. எங்கிருந்தோ பூனைகள் வந்தன. உப்புக் காற்றுப் பட்டு அட்டைப்பூச்சிகள் எல்லாம் மேல்மலைக்குப் போய்விட்டதால், பெண்கள் முதன்முதலாகக் காலில் சுண்ணாம்பு தடவாமல் வேலைக்குப் போனார்கள். ராமேஸ்வரம் போக வசதியில்லாதவர்கள் அமாவாசைக்கு அமாவாசை ஓட்டல் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, பூப்பாத்தி ஓரத்தில் நின்று எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டுப் போனார்கள். ஓட்டலில் தங்கினவர்கள் அதையும் போட்டோ எடுத்தார்கள். கடலைப் பார்க்காமலே கண்ணை மூடிவிடுவோம் என்றிருந்த கிழவர்களை நாற்காலியோடு தூக்கிவந்து, பாதம் நனைகிற மாதிரி உட்காரவைத்தார்கள். அதில் ஒருவர், இவ்வளவுதானா என்று கேட்டாராம்.

"நல்லதுதானம்மா செஞ்சிருக்கு எல்லாம்" என்றாள் ஜெனோவா.

மாரக்கா துணியைப் பிழிந்தாள். "செஞ்சுச்சு" என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை.

சொல்லாமல் விட்டதை ஒரு டம்ளர் காப்பி சொல்லிற்று. ஓட்டலில் கேனில் வரும் தண்ணீர். விருந்தாளிகளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் மாரக்கா தன் வீட்டிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்த காப்பியைப் பிரகாசியம்மாள் வாயில் வைத்தபோது, அது கண்ணீர் மாதிரி கரித்தது. ஊருக்கு இருந்த ஒரே ஊற்றுக்கிணறு கொஞ்சம் கொஞ்சமாக உப்பாகிப்போயிருந்தது. சோறு வடிக்க உப்புப் போடுவதை ஊர் எப்போதோ நிறுத்திவிட்டது. ஆரஞ்சு மரங்கள் நுனியிலிருந்து கருகின. குளித்தால் உடம்பு வெள்ளை பூத்தது. நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் ஓடைக்கு இறங்கி ஏற வேண்டும். இறங்கிவிடலாம், குடத்தோடு ஏறுவதுதான். இதையும் அந்த ஊர் பழகிக்கொண்டது. கடல் வந்து கொடுத்ததை வாங்கிக்கொண்ட அதே முகத்தோடு, கடல் எடுத்துக்கொண்டதையும் கொடுத்துவிட்டு இருந்தது.

நாட்கள் போயின. வேளாவேளைக்குக் கடல் வந்தது. பிரகாசியம்மாள் ஒவ்வொரு தடவையும் கட்டிலில் உட்கார்ந்து செபமாலை உருட்டினாள். ஒவ்வொரு மணிக்கும் நடுவில் மகன் பெயரைக் கூப்பிட்டாள். கடல் ஒருநாள் ஒரு கட்டை மிதவையைக் கொண்டுவந்தது, ஒருநாள் ஏதோ குழந்தையின் ஒற்றைச் செருப்பைக் கொண்டுவந்தது, மற்ற நாளெல்லாம் சாளையைக் கொண்டுவந்தது. ஜெனோவா முந்தானையை விரித்து மீன் பிடித்தாள். ஓட்டல் சமையல்காரரை ஓரமாகத் தள்ளிவிட்டு, தேங்காய் அரைத்து ஊற்றிக் குழம்பு வைத்தாள். மாரக்கா அதைச் சாப்பிட்டுவிட்டு, "அடி ஆத்தே, இத்தன நாளா நாங்க மீனைக் கொலைதான் பண்ணியிருக்கோம்" என்றபோது ஜெனோவா வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புச் சத்தத்தைப் பிரகாசியம்மாள் படகுக்குள்ளிருந்து கேட்டாள். மூன்று வருசமாகத் தன் வீட்டில் அந்தச் சத்தம் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உறைத்ததும், செபமாலையில் எந்த மணியில் நிற்கிறோம் என்பது மறந்துபோயிற்று.

ஒரு மத்தியானம் மாரக்கா தன் மகள் செவந்தியைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள். செவந்திக்கு இது ஏழாம் மாசம். முகம் ஊதியிருந்தது, பாதம் மெத்தை மாதிரி வீங்கியிருந்தது, விரலில் கிடந்த மோதிரத்தைக் கழற்ற முடியாமல் நூல் சுற்றி வைத்திருந்தாள்.

"ஆஸ்பத்திரியில ரத்தக்கொதிப்புன்னு சொல்லிட்டாங்கம்மா" என்றாள் மாரக்கா. "உப்பக் கொறைங்க, உப்பக் கொறைங்கங்குறாங்க. எங்கிட்டுக் கொறைக்க? நானும் ஓடையில இருந்து தூக்கித்தான் பாக்குறேன், இந்த முட்டி ரெண்டும் ஒத்துழைக்க மாட்டேங்குது. நீங்க செபம் பண்றவங்க. சாமி எதுவா இருந்தா என்ன, தலையில கைய வச்சு ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

பிரகாசியம்மாள் அந்தப் பெண்ணின் தலையில் கையை வைத்தாள். உச்சந்தலை கொதித்தது. செவந்தி நிமிர்ந்து பார்த்தாள். உதடு உப்புப் பூத்து வெடித்திருந்தது.

"நீங்க கடக்கரைக்காரவங்களாமே" என்றாள். "இது எப்பம்மா திரும்பிப் போகும்? ஒங்களுக்குத் தெரியுமா?"

கையில் செபமாலையை வைத்துக்கொண்டு பொய் சொல்ல அந்தத் தாய்க்கு வாய் வரவில்லை. உண்மையைச் சொல்லவும் வரவில்லை. "செபம் பண்றேன் மக்ளே" என்றாள். அது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. செவந்தி அதையே பெரிய பதிலாக எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லி, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்துபோனாள். பூப்பாத்தியைத் தாண்டும்போது நங்கூரக் கயிற்றைத் தாண்டக் காலைத் தூக்க முடியாமல், சுற்றிக்கொண்டு போனாள்.

அவள் போகிறவரைக்கும் பார்த்துக்கொண்டு நின்ற ஜெனோவா, படகு வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமி."

"ம்."

"அந்த நங்கூரத்த வந்த அன்னைக்கே நீங்க பாத்துட்டீங்க, இல்லியா?"

பிரகாசியம்மாளின் விரல்கள் நின்றன. "நீயும் பாத்தியோ?"

"நானும் கடக்கரைல பொறந்தவதான? பூச்செடிக்குள்ள நங்கூரத்தக் கண்டா எனக்குத் தெரியாதா?"

"பொறவு ஏன் சொல்லல?"

"நான் எப்பிடிச் சொல்லுவேன் மாமி? தூக்குங்கன்னு நான் சொன்னா, இவளுக்கு மறுகலியாணம் பண்ண அவசரம்னு ஆயிரும். ஊரு சொல்லாட்டியும் நீங்க நெனப்பீங்க. நீங்க நெனைக்காட்டியும் நான் நெனப்பேன்." ஜெனோவா முந்தானை நுனியை முறுக்கினாள். "எனக்கும் ஆசதான். தண்ணி ஏறும்போது கதவுப் பக்கம் பாக்காம இருந்துட்டேன்னா நெனைக்கிறீங்க? இன்னைக்கு வருவாரு, நனஞ்சுட்டு வருவாரு, துண்டு கேப்பாருன்னு பைல துண்டு வச்சிருக்கேன்."

பிரகாசியம்மாள் மருமகளின் முகத்தை அப்போதுதான் பார்த்தாள் என்று சொல்ல வேண்டும். காதோரம் ஒரு நரை ஓடியிருந்தது. இருபத்தெட்டு வயசுக்கு அது சீக்கிரம். இந்தப் பிள்ளையும் ஒரு நங்கூரம் போட்ட படகுதான், கயிறு என் கையில் இருக்கிறது என்று அவள் நினைத்தாள். நினைத்து, சிலுவை போட்டுக்கொண்டாள்.

"நாளைக்குக் கடல் ஏத்தம் எப்ப?" என்று கேட்டாள்.

ஜெனோவா எழுந்து போய்க் கரும்பலகையில் அன்றைய நேரத்தைப் பார்த்து, மறுநாளுக்குக் கணக்குப் போட்டுவிட்டு வந்தாள். "சாயங்காலம் மாமி. வெளிச்சம் இருக்கும்."

மறுநாள், நங்கூரத்தைத் தூக்கினால் கடல் போய்விடும் என்று பூபதியிடம் சொன்னபோது அவர் பதறிவிட்டார்.

"ஐயையோ, என்னம்மா நீங்க? பொங்கல் வரைக்கும் இந்த ரூம் புக்காயிருக்கு. கடல் இல்லாத படகுல படுக்க எவன் வருவான்? முதலாளி என்னைய உரிச்சுருவாரு."

"ஆமா, உரிச்சாலும் உரிப்பாரு" என்றாள் மாரக்கா. "ஒங்க ஒடம்புல தோலைத் தவிர வேற என்ன இருக்கு? போன மாசம் ஒங்க பிள்ளைக உப்புத்தண்ணி குடிக்க மாட்டேன்னு அழுவுதுன்னு பொண்டாட்டியோட சேத்து மாமியா வீட்டுக்கு அனுப்பி வச்சீங்களே, அதுகளை எப்பக் கூட்டியாரப் போறீங்க? பொங்கலுக்கா?"

பூபதி மப்ளரை அவிழ்த்தார், திரும்பக் கட்டினார். பிறகு போய், பூப்பாத்தியில் மண்டி போட்டு, நங்கூரத்தில் சுற்றியிருந்த சீரியல் பல்பை ஒவ்வொரு சுற்றாகக் கழற்றினார். "தண்ணிக்குள்ள தூக்குவீங்க. ஷாக் அடிச்சிரக் கூடாதில்ல" என்றார்.

சாயங்காலம் ஊர் வந்துவிட்டது. சொல்லி அனுப்பாமலே வந்தது. தோட்டத்துப் பெண்கள் கூடையோடு வந்தார்கள், கிழவர்கள் நாற்காலியோடு வந்தார்கள், பஸ் ரூமிலும் ரயில் ரூமிலும் தங்கியிருந்தவர்கள் போனோடு வந்து, பிறகு என்னவோ போலிருந்து போனைப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். கடல் தன் நேரத்துக்கு வந்தது. படகு நிறைந்து, பாத்தி நிறைந்து, படகின் வயிற்றுக்கு அடியில் தண்ணீர் தட்டுகிற சத்தம் கேட்கிறவரைக்கும் பிரகாசியம்மாள் காத்திருந்தாள். பிறகு சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் அணியத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

சம்மனசுபுரத்தில் நங்கூரம் தூக்குவதற்கு முன், ஏறவேண்டியவர்களின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஏறினவன், ஏறிட்டேன் என்று குரல் கொடுப்பான். மூன்று தரம் கூப்பிட்டும் குரல் வராதவனைக் கரையில் விட்டுவிட்டுப் போவார்கள். அதில் கோபம் கிடையாது, குற்றம் கிடையாது, கூப்பிட்டாயிற்று, அவ்வளவுதான். பெண்கள் கூப்பிடுவது வழக்கமில்லை. ஆனால் அன்றைக்கு அந்த மலையில் வேறு யார் இருந்தார்கள்?

"லிகோரி" என்று கூப்பிட்டாள்.

தண்ணீர் சத்தம் கேட்டது. மூங்கில் புதரில் ஏதோ ஒரு பறவை எழும்பிப் போயிற்று.

"பிரகாசி மவன் லிகோரி" என்று, தெருமுனைவரை கேட்கிற மாதிரி கூப்பிட்டாள்.

பூனைகள்கூட அசையவில்லை. கிழவர் ஒருவர் நாற்காலியிலிருந்து எழ முயன்று, முடியாமல் உட்கார்ந்தார்.

மூன்றாம் தரம் அவள் பெயரைச் சொல்லவில்லை. "மக்ளே" என்றாள். சின்ன வயசில் சோற்றுக்குக் கூப்பிட்ட மாதிரி, கோபம் மாதிரி, கெஞ்சல் மாதிரி, "மக்ளே" என்றாள். ஜெனோவா வாயைப் பொத்திக்கொண்டாள், தன் தொண்டையிலிருந்து எங்கே ஒரு பதில் வந்துவிடுமோ என்று பயந்து.

யாரும், ஏறிட்டேன் என்று சொல்லவில்லை.

மாமியும் மருமகளும் குனிந்து கயிற்றைப் பிடித்தார்கள். மாரக்கா சொல்லாமலே வந்து பின்னால் பிடித்தாள், பூபதி மப்ளரோடு இறங்கி வந்து பிடித்தார். நங்கூரம் எவ்வளவு கனமோ என்று இருந்தார்கள். அது ஒரு கத்தரிச்செடியைப் பிடுங்குகிற மாதிரி, டேலியாக் கிழங்குகளோடு பொதுக்கென்று வந்துவிட்டது. இரண்டு பெண்களும் பின்னால் சாய்ந்து தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார்கள். சகாயத்தாய் ஒரே ஒரு சாண் நகர்ந்தது. உள்ளே ஜன்னல் திரைகள் ஆடின. பிறகு அது ஓட்டல் ரூமாக நின்றது.

கடல் போனது. அவசரப்படாமல், விடைபெறுகிற விருந்தாளி மாதிரி, ஒவ்வொரு ரூம் வாசலையும் தொட்டுவிட்டுப் போனது. காப்பித் தோட்டத்துக்குள் புகுந்து, சாலையில் இறங்கி, கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பித் திரும்பிப் போனது. எதிரே ஏறி வந்த ஜீப்காரர்கள், பஸ்ஸுக்கு வழி விடுகிற மாதிரி ஓரமாக நிறுத்தி அதற்கு வழி விட்டார்கள். டீக்கடைக்காரர் எழுந்து நின்று கும்பிட்டார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு மலையில் கடல் இல்லை. பூபதி கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, வேறு என்ன எழுதுவது என்று தெரியாமல் அப்படியே விட்டார்.

அதற்குப் பிறகு ஊர் கிணற்றை இறைத்தது. ஆளுக்குக் கொஞ்ச நேரமாக, உப்புத்தண்ணீரை இறைத்து இறைத்துச் சரிவில் ஊற்றினார்கள். இறைக்க இறைக்க ஊற்று சுரந்தது. சுரந்ததை நாக்கில் வைத்துப் பார்த்து, தலையை ஆட்டி, மறுபடி இறைத்தார்கள். ரூம் நாட்கள் முடிந்தும் பிரகாசியம்மாளைப் பூபதி போகச் சொல்லவில்லை. உலர்ந்த படகில் அவளும் மருமகளும் படுத்துக்கொண்டார்கள். பகலெல்லாம் ஜெனோவா ஊரோடு சேர்ந்து கயிறு இழுத்தாள். பிரகாசியம்மாள் செவந்திக்காக ஓடைத் தண்ணீர் சுமந்தாள், நின்று நின்று, ஒவ்வொரு வளைவிலும் குடத்தை இறக்கி வைத்து. கடல் வராத அந்த நாட்களில் அவள் மகனைக் கூப்பிடவில்லை. ஆனால் மாரக்கா வீட்டுக் குடத்தில் இருந்த கிணற்றுத் தண்ணீரை யாரும் பார்க்காதபோது ஒரு வாய் குடித்துப் பார்ப்பாள். அதில் இன்னும் கரிப்பு இருந்தது. அது இருக்கிறவரைக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் அந்த ஊருக்குக் கெடுதல் நினைத்தவளாகிவிடுவாள் என்று, பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல அதைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஒரு காலையில் கிணற்றடியிலிருந்து கூச்சல் கேட்டது. மாரக்கா ஒரு செம்பைத் தூக்கிக்கொண்டு, தளும்பத் தளும்ப ஓடிவந்தாள். பின்னால் செவந்தி மெதுவாக நடந்து வந்தாள். அவள் விரலில் நூல் இல்லை. மோதிரம் தானாகச் சுழன்றது.

"குடிங்கம்மா!" என்றாள் மாரக்கா. "இனிக்குது! நீங்கதான் மொதல்ல குடிக்கணும்னு ஊரே சொல்லிருச்சு. குடிங்க, குடிங்க!"

பிரகாசியம்மாள் செம்பை இரண்டு கையாலும் வாங்கினாள். ஊர் சுற்றி நின்று அவள் முகத்தையே பார்த்தது. அவள் ஒரு வாய் குடித்தாள். நாக்கில் வைத்திருந்து விழுங்கினாள். இன்னொரு வாய் குடித்தாள். செம்பு காலியாகிறவரைக்கும் நிறுத்தாமல் குடித்தாள், அடியிலாவது ஒரு துளி கரிப்பு மிஞ்சியிருக்காதா என்று தேடுகிற மாதிரி. ஒன்றும் இல்லை. நல்ல தண்ணீர். மலைத் தண்ணீர். எங்கேயும் அவன் இல்லாத தண்ணீர்.

"இனிக்குது" என்று சொல்லிச் செம்பைத் திருப்பிக் கொடுத்தாள். ஊர் சிரித்தது, குலவை போட்டது.

அவள் படகுக்குள் போய், பையைத் திறந்து, அடியில் கிடந்த கவரை எடுத்து, நீலக்கட்டம் போட்ட சட்டையை உதறினாள். கையை உள்பக்கமாக மடித்தாள், கழுத்துப் பட்டையை நேராக்கினாள், அவிழ்ந்திருந்த ஒரு பொத்தானைப் போட்டுவிட்டாள். பிறகு வாசலில் நின்றுகொண்டிருந்த ஜெனோவாவின் கைகளில் அதை வைத்தாள்.

"பெட்டி பெருசா சொல்ல வேண்டாம், மக்ளே" என்றாள். "சின்னதாப் போதும்."